ட்ரிக்கரிலிருந்து நேரடியாக மெயில் அனுப்பலாமா? அவுட்பாக்ஸ் டேபிள் வழியாகச் செய்யும் முறை, படிப்படியாக

தேவை எளிமையானது: ஆர்டர் டேபிளில் ஒரு ஆர்டரின் நிலை மாறியதும் வாடிக்கையாளருக்கு மெயில் போக வேண்டும். டேபிளில் எது மாறினாலும் ட்ரிக்கருக்கு, அதாவது டேபிள் மாறும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கோடுக்கு, தெரிந்துவிடும். அப்படியானால் மெயிலையும் அதுவே அனுப்பிவிட்டால் என்ன? இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பலர் ட்ரிக்கரை எழுதி முடித்துவிட்டுத்தான் கேட்கவே வருகிறார்கள்.

என் பதில்: ட்ரிக்கர் மெயில் அனுப்பக் கூடாது. "இப்படி ஒரு மெயில் போக வேண்டும்" என்று ஒரு டேபிளில் (இதுதான் அவுட்பாக்ஸ்) எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும். அனுப்புவதை டேட்டாபேஸுக்கு வெளியே ஓடும் தனி புரோகிராம் (இதை வொர்க்கர் என்பேன்) பார்த்துக்கொள்ளும். அதைக் கட்டும் முறை கீழே. எல்லோரும் முதலில் எழுதும் ட்ரிக்கர் இதில் கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1. நேரடியாக அனுப்பினால் எங்கே உடையும்

"ஆஃப்டர்" ட்ரிக்கர் என்ற பெயரே பலரை ஏமாற்றுகிறது. ரோ மாறிய பிறகு என்றுதான் அதற்குப் பொருள். கமிட் ஆன பிறகு என்று இல்லை: ஒரு ட்ரான்சாக்‌ஷனில், அதாவது ஒன்றாகவே நிறைவேறவோ ரத்தாகவோ வேண்டிய கட்டளைத் தொகுப்பில், மாற்றங்கள் கமிட்டில்தான் நிரந்தரமாகும். போஸ்ட்கிரெஸில் ட்ரான்சாக்‌ஷனின் கடைசிவரை தள்ளிப்போடப்படும் ட்ரிக்கர்கூட கமிட் முடிவதற்கு முன்புதான் ஓடும்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் ரோ சேர்கிறது. ட்ரிக்கர் ஓடி "உங்கள் ஆர்டர் உறுதியானது" என்று மெயிலை அனுப்பிவிடுகிறது. அதே ட்ரான்சாக்‌ஷனின் அடுத்த கட்டளை கையிருப்பைக் குறைக்கப் போகிறது. கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருப்பதால் அது பிழை தருகிறது. எல்லாம் ரோல்பேக், அதாவது ரத்து. டேபிளில் அப்படி ஒரு ஆர்டரே இல்லை. வாடிக்கையாளரின் இன்பாக்ஸில் மட்டும் இருக்கிறது. போன மெயிலை எந்த ரோல்பேக்கும் திரும்பக் கூப்பிடாது.

அடுத்தது நேரம். மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபிக்கான தரநிலை ஆவணம், ஆர்எஃப்சி 5321, சர்வரின் முதல் வரவேற்புச் செய்திக்கு 5 நிமிடமும், மெயிலின் உள்ளடக்கம் முடிந்ததும் வரும் பதிலுக்கு 10 நிமிடமும் காத்திருக்கச் சொல்கிறது. மெயில் சர்வர்களுக்கு இது நியாயமான பொறுமை. ஆனால் ஒரு ரோவைப் பூட்டி வைத்துக்கொண்டு ட்ரான்சாக்‌ஷனுக்குள் அத்தனை நேரம் நின்றால், அதே ரோவைத் தொட வரும் மற்றவர்கள் எல்லோரும் பின்னால் நிற்பார்கள். கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸுக்கான இணைப்புகளின் தொகுப்பு) நிரம்பும். மெயில் சர்வர் மெதுவானதற்கு இணையதளம் முழுக்க நின்றுபோகும்.

பிழையைக் கையாள்வதிலும் சிக்கல். மெயில் சர்வர் விழுந்து கிடக்கும்போது ட்ரிக்கர் பிழை எறிந்தால் ஆர்டரே பதிவாகாது. பிழையை விழுங்கிக்கொண்டால் மெயில் சத்தமில்லாமல் தொலையும். ட்ரிக்கருக்குள் இருந்துகொண்டு இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அதிகம் பேர் கவனிக்காதது ஒன்று உண்டு. ஆரக்கிளில் ஒரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொருவர் அதே ரோவை மாற்றிக் கமிட் செய்துவிட்டால், சில சூழல்களில் ஆரக்கிள் தன் கட்டளையை உள்ளுக்குள் ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து மறுபடி ஓட்டும். அப்போது ரோ ட்ரிக்கரும் மறுபடி ஓடும். டேபிளில் நடந்த மாற்றங்கள் ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். மெயில் மட்டும் இரண்டு போயிருக்கும்.

2. உங்கள் டேட்டாபேஸில் "அனுப்பு" என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

எல்லா டேட்டாபேஸும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போனால் தேவையில்லாத வேலை செய்வீர்கள், அல்லது தேவையானதை விட்டுவிடுவீர்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பிலிருந்து டேட்டாபேஸ் மெயில் இருக்கிறது. அதன் எஸ்பி_சென்ட்_டிபிமெயில் உண்மையில் எதையும் அனுப்புவதில்லை. எம்எஸ்டிபி என்ற உள் டேட்டாபேஸில் ஒரு க்யூவில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். வெளியே ஓடும் தனி புராசஸ் அதை எடுத்து அனுப்பும். ரோல்பேக் ஆனால் க்யூவில் போட்டதும் சேர்ந்தே போய்விடும். அதாவது இந்த வழிகாட்டி சொல்லும் அமைப்பின் பாதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நிர்வாகிக்கு எப்போதாவது போகும் எச்சரிக்கை மெயிலுக்கு அதுவே போதும் என்பேன்.

ஆனால் அங்கேயும் இரண்டு பொறிகள். எம்எஸ்டிபியில் உரிய ரோல் இல்லாத யூசர் ஆர்டர் போட்டால் ட்ரிக்கர் பிழை தரும், ஆர்டரும் விழும். இன்னொன்று, மெயிலோடு ஒரு க்வெரியின் முடிவை இணைக்கும் வசதி. அந்த க்வெரி வேறொரு செஷனில் ஓடுகிறது. உங்கள் ட்ரிக்கர் இன்னும் கமிட் செய்யாத டேபிளையே அது படிக்கப் போனால், இயல்பான அமைப்பில் அது ட்ரிக்கருக்காகக் காத்திருக்கும், ட்ரிக்கர் அதற்காகக் காத்திருக்கும். ட்ரிக்கருக்குப் புதிய ரோக்களைக் காட்டும் 'இன்சர்ட்டட்' டேபிளும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

ஆரக்கிளில் யூடிஎல்_எஸ்எம்டிபியும் யூடிஎல்_மெயிலும் நேரடியாகவே அனுப்புபவை. முதல் பகுதியில் சொன்ன அத்தனையும் இவற்றுக்குப் பொருந்தும். டிபிஎம்எஸ்_ஜாப் வழியாக ஒரு வேலையைப் பதிவு செய்தால் அது கமிட் ஆனால்தான் ஓடும் என்பதால் சிலர் அந்த வழியில் போவார்கள். அதையே டிபிஎம்எஸ்_ஷெட்யூலரில் செய்யப் பார்த்தால் அது தானே கமிட் செய்யும். ட்ரிக்கருக்குள் கமிட் கூடாது என்று பிழை வரும். உடனே, தனியாகக் கமிட் ஆகும் அட்டானமஸ் ட்ரான்சாக்‌ஷன் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். பிழை போய்விடும், ரோல்பேக் பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் மெயில் அனுப்பும் வசதியே உள்ளே கிடையாது. நம்பகமற்றது என்று குறிக்கப்பட்ட பைத்தான், பெர்ல் மொழிகளை நிறுவியோ, சி-யில் எழுதிய ஃபங்ஷனைச் சேர்த்தோதான் செய்ய வேண்டும். டேட்டாபேஸ் சர்வரின் புராசஸுக்குள் வெளி உலகத்தோடு பேசும் கோடை நுழைப்பது ஒரு மெயிலுக்காகக் கொடுக்கும் விலையாக எனக்குத் தோன்றவில்லை.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மெயிலைப் பிடித்து வைக்கும் சோதனை எஸ்எம்டிபி சர்வர். மெயில்பிட் போன்ற ஒன்று போதும். அனுப்பியதையெல்லாம் வாங்கிக்கொண்டு பிரவுசரில் காட்டும், யாருக்கும் அனுப்பாது. இது இல்லாமல் ஒரு வரி கோடுகூட எழுத வேண்டாம்.

வொர்க்கருக்கு என்று தனி டேட்டாபேஸ் யூசர். அவுட்பாக்ஸ் டேபிளைப் படிக்கவும் திருத்தவும், மெயிலுக்கு வேண்டிய ஓரிரு டேபிள்களைப் படிக்கவும் மட்டும் அதற்கு அனுமதி. மெயில் சர்வர் பாஸ்வேர்டு வொர்க்கரின் அமைப்பில் இருக்கட்டும். ட்ரிக்கருக்குள்ளோ டேபிளிலோ எழுதினால் ஒவ்வொரு பேக்கப்போடும் அது ஊர் சுற்றும்.

அப்புறம் ஒரு தடுப்பு. நிஜ டேட்டாபேஸின் பிரதியைச் சோதனைச் சர்வரில் ஏற்றும் நாள் எப்படியும் வரும். அப்போது காத்திருக்கும் மெயில்களும் சேர்ந்தே வரும், சோதனை வொர்க்கர் அவற்றை நிஜ வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும். ஆகவே வொர்க்கரின் இயல்பான இலக்கு சோதனை எஸ்எம்டிபியாகவே இருக்க வேண்டும். நிஜ சர்வரில் மட்டும், வெளிப்படையாக ஒரு அமைப்பைக் கொடுத்தால்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

4. எதற்கு மெயில் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"ஆர்டர் மாறினால் மெயில்" என்பது போதாது. "ஆர்டரின் நிலை வேறு எதிலிருந்தாவது 'அனுப்பப்பட்டது' என்று மாறும்போது, அந்த ஆர்டருக்கு ஒரே ஒருமுறை" என்று எழுத முடிந்தால் சரி.

அந்த "ஒரே ஒருமுறை" எதைப் பொறுத்தது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். தவறுதலாக நிலையைப் பின்னால் இழுத்து மறுபடி 'அனுப்பப்பட்டது' என்று போட்டால் இன்னொரு மெயில் போக வேண்டுமா? வேண்டாம் என்றால், நிகழ்வின் பெயரும் ஆர்டர் எண்ணும் சேர்ந்ததுதான் அதன் அடையாளம். வேண்டும் என்றால் ஆர்டரின் பதிப்பு எண்ணும் சேர வேண்டும். இதை இப்போது முடிவு செய்யாவிட்டால் அடுத்த படியில் டேபிளின் யுனீக் கீ (இரண்டாம் முறை வரக் கூடாத மதிப்பு) எது என்றே சொல்ல முடியாது.

5. அவுட்பாக்ஸ் டேபிளை உருவாக்குங்கள்

இதில் இருக்க வேண்டிய ஃபீல்டுகள்: தானாக ஏறும் எண், நிகழ்வின் பெயர், நிகழ்வின் அடையாளம் (யுனீக்), மெயிலுக்கு வேண்டிய தகவல், நிலை, எத்தனை முறை முயன்றது, அடுத்து எப்போது முயல வேண்டும், யார் எப்போதுவரை எடுத்து வைத்திருக்கிறார்கள், எப்போது காலாவதி, கடைசிப் பிழை, உருவான நேரம், அனுப்பிய நேரம்.

தகவல் ஃபீல்டில் முழு மெயிலையும் ஹெச்டிஎம்எல்லாக எழுதி வைக்காதீர்கள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த ட்ரிக்கரை மாற்ற வேண்டிவரும். ஆர்டர் எண்ணை மட்டும் வைத்தாலும் போதாது: வொர்க்கர் படிப்பதற்குள் தொகையோ நிலையோ மாறியிருக்கலாம். நிகழ்வின்போது இருந்த மதிப்புகளை, அதாவது நிலை, தொகை, அனுப்பும் எண் ஆகியவற்றை, ஜேசனாக (பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) எழுதுங்கள். முகவரியை அனுப்பும் நேரத்தில் படிப்பதே நல்லது என்பது என் வழக்கம். வாடிக்கையாளர் இடையில் மெயில் முகவரியைத் திருத்தியிருந்தால் புதியதுக்குத்தான் போக வேண்டும். பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு போன்ற ரகசியங்களை இதில் வைக்கக் கூடாது.

காலாவதி ஃபீல்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 10 நிமிடம் மட்டுமே செல்லும் ஓடிபி, மூன்று மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்வதால் யாருக்கும் பயனில்லை. நேரம் தாண்டிவிட்டால் வொர்க்கர் அனுப்பாமல் மூடிவிட வேண்டும்.

தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ், இன்னும் அனுப்பி முடிக்காத ரோக்களுக்கு மட்டும் போதும். போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் இப்படிப் பகுதி இண்டெக்ஸ் போடலாம். அனுப்பி முடித்தவை லட்சக்கணக்கில் சேர்ந்தாலும் இண்டெக்ஸ் சிறியதாகவே இருக்கும்.

6. வொர்க்கரை எழுதுங்கள்

இதுதான் அதிக நேரம் கேட்கும் படி. வேலை மூன்று துண்டு: எடுப்பது, அனுப்புவது, முடிந்ததாகக் குறிப்பது.

எடுக்கும்போது வருகிற முதல் தவறு: "நான் கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு மேல் உள்ளவற்றைக் கொடு" என்று கேட்பது. எண் கொடுக்கப்படுவது ரோ சேரும்போது. மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரிவது கமிட்டுக்குப் பிறகு. ஒரு ட்ரான்சாக்‌ஷன் 501-ஐ வாங்கிக்கொண்டு மெதுவாக ஓடுகிறது. இன்னொன்று 502-ஐ வாங்கி உடனே கமிட் செய்துவிடுகிறது. வொர்க்கர் 502-ஐப் பார்த்து, அனுப்பி, "கடைசி எண் 502" என்று குறித்துக்கொள்கிறது. பிறகு 501 கமிட் ஆகிறது. அதை யாரும் இனிப் பார்க்க மாட்டார்கள். சோதனையில் இது வரவே வராது. கூட்டம் கூடும் நாளில் வரும். எனவே எண்ணை வைத்துத் தேடாதீர்கள், நிலை 'காத்திருப்பு' என்று இருப்பதைத் தேடுங்கள்.

இரண்டு வொர்க்கர் ஓடினால் ஒரே ரோவை இருவரும் எடுக்கக் கூடாது. அதற்குத்தான் பூட்டப்பட்ட ரோக்களைத் தாண்டிப் போகும் ஸ்கிப் லாக்டு. போஸ்ட்கிரெஸில் 9.5 முதலும், மைஎஸ்க்யூஎல்லில் 8.0 முதலும், மரியாடிபியில் 10.6 முதலும் இருக்கிறது, ஆரக்கிளிலும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் இதே வேலைக்கு ரீட்பாஸ்ட் என்ற குறிப்பை அப்டேட் பூட்டோடு சேர்த்துத் தர வேண்டும்.

எடுத்த ரோக்களை 'எடுக்கப்பட்டது' என்று மாற்றி, எதுவரை உங்களுடையது என்று ஒரு நேரத்தையும் எழுதி, உடனே கமிட் செய்துவிடுங்கள். அனுப்புவது அந்த ட்ரான்சாக்‌ஷனுக்கு வெளியே நடக்கட்டும். இல்லாவிட்டால் ட்ரிக்கரில் விட்டு வந்த அதே நோயை வொர்க்கரில் வளர்ப்பீர்கள். வொர்க்கர் நடுவில் செத்தால், நேரம் தாண்டிய ரோக்களை இன்னொரு வொர்க்கர் எடுத்துக்கொள்ளும்.

அந்த நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். ஒரு தடவைக்கு 20 ரோ, ஒவ்வொன்றுக்கும் எஸ்எம்டிபி காத்திருப்பு 60 நொடி என்றால், மோசமான நாளில் 20 நிமிடம் ஆகும். எடுத்து வைத்திருக்கும் நேரம் 10 நிமிடம் என்று எழுதியிருந்தால், முதல் வொர்க்கர் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அதே மெயில்களை எடுத்து அனுப்பும். ரோக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது நேரத்தைக் கூட்டுங்கள். எஸ்எம்டிபி காத்திருப்பு நேரத்தை நீங்களே கொடுக்கவும் மறக்காதீர்கள். பைத்தானின் எஸ்எம்டிபிலிப் சொல்லாவிட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும்.

முயற்சி எண்ணை எப்போது கூட்டுவது? தோற்றபோது என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எடுக்கும்போதே கூட்டுங்கள். ஏதோ ஒரு ரோவின் தகவல் வொர்க்கரையே சாய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோல்வியைக் குறிக்கும் வரிக்கு அது வந்து சேராது, எண் ஏறாது. வொர்க்கர் எழும், அதே ரோவை எடுக்கும், மறுபடி சாகும். எடுக்கும்போதே எண் ஏறியிருந்தால் ஐந்தாறு தடவையில் அந்த ரோ ஒதுங்கிவிடும்.

இனி தவிர்க்கவே முடியாத ஒன்று. மெயில் சர்வர் 250 என்று ஒப்புக்கொண்ட நொடிக்கும், நீங்கள் 'அனுப்பியாயிற்று' என்று எழுதும் நொடிக்கும் இடையில் மின்சாரம் போனால், அந்த மெயில் இரண்டாம் முறை போகும். இந்த இடைவெளியைச் சுருக்கலாம், மூட முடியாது. தொலைவதைவிட இரண்டு தடவை போவது மேல் என்று ஏற்றுக்கொண்டு, மெசேஜ் ஐடியை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காமல் அவுட்பாக்ஸ் எண்ணிலிருந்தே உருவாக்குங்கள். இரட்டை மெயில் புகார் வந்தால் இரண்டும் ஒரே ரோவா, வெவ்வேறா என்று உடனே தெரிந்துவிடும். மெயில் சேவையின் ஏபிஐ மூலம் அனுப்புகிறீர்கள், அது இரட்டிப்பைத் தடுக்கும் கீயை ஏற்கும் என்றால், நிகழ்வின் அடையாளத்தையே அதற்குக் கொடுங்கள்.

7. தோல்விகளைப் பிரியுங்கள்

எஸ்எம்டிபி பதில் 4-இல் தொடங்கினால் தற்காலிகம், பிறகு முயலலாம். 5-இல் தொடங்கினால் நிரந்தரம். 550 வந்த முகவரிக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவது உங்கள் சர்வரின் பெயரைத்தான் கெடுக்கும். பதிலே வராமல் கனெக்‌ஷன் அறுந்தால் தற்காலிகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி விரிந்துகொண்டே போகட்டும்: 1 நிமிடம், 5, 30, பிறகு 2 மணி நேரம். சில சர்வர்கள் முன்பின் தெரியாத அனுப்புநரை முதல் தடவை வேண்டுமென்றே 4-வகை பதிலோடு திருப்பி அனுப்பும். சில நிமிடம் கழித்து வந்தால் வாங்கிக்கொள்ளும். அதைத் தோல்வியாக எண்ணிக் கைவிடக் கூடாது.

பக்கத்திலேயே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் ஓடினால் இந்தப் படி பாதியாகக் குறையும். அதன் இயல்பான அமைப்பே 5 நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். உங்கள் வொர்க்கர் அதன் கையில் மெயிலைச் சேர்த்தால் போதும். ஆனால் அப்போது 'அனுப்பியாயிற்று' என்பதற்குப் 'போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிக்கொண்டது' என்று மட்டும்தான் பொருள். காலாவதிக் கணக்கும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஓடிபி மெயில்களை இந்த வழியில் விட நான் தயங்குவேன்.

8. வொர்க்கரை எழுப்புவது

சில நொடிக்கு ஒருமுறை டேபிளைப் பார்ப்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும். பகுதி இண்டெக்ஸ் இருந்தால் அதன் செலவு கண்ணுக்கே தெரியாது.

போஸ்ட்கிரெஸில் நோட்டிஃபை என்ற அறிவிப்புக் கட்டளையைச் சேர்த்தால் உடனடியாக எழுப்பலாம். அது கமிட் ஆன பிறகே போய்ச் சேரும் என்பது இங்கே மிகவும் வசதி. ஆனால் மெயில் தகவலை அதிலேயே வைத்து அனுப்பும் ஆசை வரும், வேண்டாம். அதன் உள்ளடக்கம் 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும், ஒரே ட்ரான்சாக்‌ஷனில் ஒரே உள்ளடக்கத்தோடு பல வந்தால் ஒன்றாகிவிடும், அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் யாரும் இல்லாவிட்டால் காற்றோடு போய்விடும். எழுப்ப மட்டும் பயன்படுத்துங்கள். அவ்வப்போது டேபிளைப் பார்ப்பதையும் நிறுத்தாதீர்கள்.

9. இப்போது ட்ரிக்கர்

இதுவரை கையால் ஒரு ரோவை அவுட்பாக்ஸில் போட்டு, அது சோதனை எஸ்எம்டிபியில் வந்து சேர்வதைப் பார்த்திருக்க வேண்டும். அது நடந்த பிறகே ட்ரிக்கர். முன்கூட்டியே போட்டுவிட்டால், வொர்க்கர் தயாராகும்வரை நிஜ நிகழ்வுகள் டேபிளில் குவியும். வொர்க்கரை முதன்முதலாக ஓட்டும் நொடியில் பழைய மெயில்கள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பும்.

முதலில் ஒரு கேள்வி: ட்ரிக்கர் தேவைதானா? ஆர்டர் டேபிளில் எழுதும் வழி ஒன்றே ஒன்று, அதுவும் உங்கள் அப்ளிகேஷன்தான் என்றால், அதே ட்ரான்சாக்‌ஷனில் அப்ளிகேஷனே அவுட்பாக்ஸில் எழுதட்டும். படிப்பவருக்குக் கண்முன்னே தெரியும். இரவு ஓடும் இறக்குமதி, நிர்வாகத் திரை, இன்னொரு குழுவின் புரோகிராம் என்று பல கைகள் எழுதினால் ட்ரிக்கர்தான் சரி.

ட்ரிக்கர் செய்ய வேண்டியது ஒரு இன்சர்ட் மட்டும். அதற்குள்ளேயே வழுக்கும் இடங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

மாறியதா என்று பழைய மதிப்பையும் புதியதையும் நீங்களே ஒப்பிடுங்கள். போஸ்ட்கிரெஸில் குறிப்பிட்ட ஃபீல்டுக்கு மட்டும் என்று ட்ரிக்கர் போட்டாலும், அந்த ஃபீல்டு கட்டளையில் இடம்பெற்றாலே ஓடும். மதிப்பு மாறியதா என்று பார்க்காது. எஸ்க்யூஎல் சர்வரின் அப்டேட் ஃபங்ஷனும் அப்படித்தான். எல்லா ஃபீல்டுகளையும் எழுதித் தள்ளும் ஓஆர்எம் (கோடுக்கும் டேபிளுக்கும் இடையில் நிற்கும் லைப்ரரி) இருந்தால், பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் "ஆர்டர் அனுப்பப்பட்டது" மெயில் போகும். ஒப்பிடும்போது 'நல்', அதாவது மதிப்பே இல்லாத நிலையும் வரும் என்பதை நினைவில் வையுங்கள்: போஸ்ட்கிரெஸில் ஈஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம், மைஎஸ்க்யூஎல்லில் <=> என்ற குறி (இது சமமா என்று பார்ப்பது, மாறியதா என்று அறிய நாட் சேர்க்க வேண்டும்).

எஸ்க்யூஎல் சர்வரில் ட்ரிக்கர் ஒரு கட்டளைக்கு ஒருமுறைதான் ஓடும், ரோவுக்கு ஒருமுறை இல்லை. 'இன்சர்ட்டட்' டேபிளிலிருந்து ஒரு மாறியில் ஆர்டர் எண்ணை எடுத்தால், 300 ரோ மாறினாலும் ஒருவருக்குத்தான் மெயில் போகும். எப்போதும் 'இன்சர்ட்டட்', 'டெலீட்டட்' இரண்டையும் இணைத்து, கிடைக்கும் எல்லா ரோக்களையும் ஒரே இன்சர்ட்டில் அவுட்பாக்ஸில் போடுங்கள்.

அதே எஸ்க்யூஎல் சர்வரில் இன்னொன்று. புதிய ஆர்டரின் எண்ணை அப்ளிகேஷன் @@ஐடென்டிட்டி (கடைசியாக உருவான எண்ணைத் தருவது) வழியாக எடுத்துக்கொண்டிருந்தால், ட்ரிக்கர் போட்ட நாள் முதல் அதற்குக் கிடைப்பது அவுட்பாக்ஸ் ரோவின் எண். ஸ்கோப்_ஐடென்டிட்டிக்கு மாற்றிவிட்டுத்தான் ட்ரிக்கரை ஏற்ற வேண்டும். இந்தப் பிழை உடனே வெடிக்காது. தவறான ஆர்டரோடு பொருட்கள் ஒட்டிக்கொண்ட பிறகுதான் வெளியே வரும்.

அனுமதி: போஸ்ட்கிரெஸில் ட்ரிக்கர் ஃபங்ஷன் இயல்பாக ஆர்டரை மாற்றியவரின் அனுமதியோடு ஓடும். அவருக்கு அவுட்பாக்ஸில் எழுத அனுமதி இல்லாவிட்டால் ஆர்டரே விழும். ஃபங்ஷனை செக்யூரிட்டி டிஃபைனராக (அதன் உரிமையாளரின் அனுமதியோடு ஓடும்படி) வைத்து, அதன் சர்ச் பாத்தையும் (டேபிள்களைத் தேடும் இடங்களின் வரிசை) அதிலேயே நிலையாகக் குறித்துவிடுங்கள்.

ஒரே நிகழ்வு இரண்டாம் முறை வந்தால் யுனீக் கீ தடுக்கும். ஆனால் அது பிழையாக வெடித்தால் ஆர்டரைக் கவிழ்க்கும். ஏற்கெனவே இருந்தால் பேசாமல் விட்டுவிடும்படி இன்சர்ட்டை எழுதுங்கள்.

கடைசியாக, அடக்கி வைக்க ஒரு ஸ்விட்ச். பழைய தரவைத் திருத்த ஒரே அப்டேட்டில் ஆயிரக்கணக்கான ரோக்களைத் தொடும் வேலை வரும். ட்ரிக்கரையே நிறுத்தினால் அந்த நேரத்தில் வரும் நிஜ ஆர்டர்களும் மெயில் இல்லாமல் போய்விடும். அந்த செஷனில் மட்டும் ஒரு அடையாளத்தை வைத்து, ட்ரிக்கர் அதைப் பார்த்து ஒதுங்கும்படி செய்யுங்கள். போஸ்ட்கிரெஸில் செட் லோக்கல், எஸ்க்யூஎல் சர்வரில் 2016 முதல் செஷன் கான்டெக்ஸ்ட், மைஎஸ்க்யூஎல்லில் செஷன் மாறி.

10. இந்த ஐந்தையும் உடைத்துப் பாருங்கள்

ஆர்டரைச் சேர்த்து ரோல்பேக் செய்யுங்கள். அவுட்பாக்ஸ் காலியாக இருக்க வேண்டும்.

ஒரே கட்டளையில் மூன்று ஆர்டர்களின் நிலையை மாற்றுங்கள். மூன்று ரோ வர வேண்டும். இதில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள்.

நிலையை அதே நிலையாக மறுபடி எழுதுங்கள். ஒன்றும் வரக் கூடாது.

எஸ்எம்டிபி சர்வரை நிறுத்திவிட்டு ஆர்டர் போடுங்கள். ஆர்டர் வழக்கமான வேகத்தில் பதிவாக வேண்டும், மெயில் காத்திருக்க வேண்டும், சர்வரை எழுப்பியதும் போக வேண்டும்.

அனுப்பிக்கொண்டிருக்கும்போது வொர்க்கரை வலுக்கட்டாயமாகக் கொல்லுங்கள். எடுத்து வைத்த நேரம் முடிந்ததும் இன்னொரு வொர்க்கர் அந்த ரோவை எடுக்க வேண்டும்.

11. ஏற்கெனவே நேரடியாக அனுப்பும் ட்ரிக்கர் இருந்தால்

இரண்டையும் சில நாள் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். சேர்த்து ஓட்டலாம், ஆனால் வொர்க்கர் சோதனை எஸ்எம்டிபியோடு மட்டும் பேசட்டும். பழையது அனுப்பியதையும் அவுட்பாக்ஸில் விழுந்ததையும் ஒப்பிட்டால், பழைய ட்ரிக்கர் இத்தனை நாள் தவறவிட்டதும் இரட்டிப்பாக அனுப்பியதும் வெளியே வரும்.

மாற்றும் நேரத்தில் வரிசை இது: முதலில் வொர்க்கரை நிறுத்துங்கள். பிறகு பழைய ட்ரிக்கரை நீக்குங்கள். ஒப்பீட்டுக் காலத்தில் சேர்ந்து இன்னும் காத்திருக்கும் ரோக்களில், பழைய ட்ரிக்கர் அந்த நொடிவரை அனுப்பிவிட்டவற்றை மூடிவிடுங்கள். அதன் பிறகே வொர்க்கரை நிஜ மெயில் சர்வரோடு இணைத்து ஓட்டுங்கள். இடையில் வரும் ஆர்டர்கள் அவுட்பாக்ஸில் பத்திரமாகக் காத்திருக்கும், எதுவும் தொலையாது.

முடிந்ததும் பழைய அனுமதிகளைத் திரும்பப் பெறுங்கள்: ஆரக்கிளின் நெட்வொர்க் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்), எம்எஸ்டிபி ரோல், போஸ்ட்கிரெஸில் நிறுவிய நம்பகமற்ற மொழி. திறந்து கிடந்தால் அடுத்து வருபவர் அதையே பயன்படுத்தி இன்னொரு ட்ரிக்கர் எழுதுவார்.

12. ஓட ஆரம்பித்த பிறகு

காத்திருக்கும் ரோக்களின் எண்ணிக்கையை வைத்து எச்சரிக்கை அமைக்காதீர்கள். மொத்த மெயில் போகும் நாளில் அது இயல்பாகவே ஏறும். காத்திருப்பதில் மிகப் பழையதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அது 10 நிமிடத்தைத் தாண்டினால் வொர்க்கரோ மெயில் சர்வரோ நின்றுவிட்டது என்று பொருள். இந்த எச்சரிக்கை மட்டும் மெயிலில் வரக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்படி அமைத்தவர்களைப் பார்த்திருப்பதால் சொல்லிவிடுகிறேன்.

'கைவிடப்பட்டது' நிலையில் உள்ளவற்றை வாரம் ஒருமுறை ஒரு ஆள் பார்க்க வேண்டும். பிழைச் செய்தி டேபிளிலேயே இருப்பதால் பெரும்பாலும் பார்த்தவுடனே காரணம் தெரியும். சரிசெய்த பிறகு நிலையைக் 'காத்திருப்பு' என்று மாற்றி, முயற்சி எண்ணைப் பூஜ்யமாக்கினால் போதும். காலாவதியைத் தாண்டியவற்றை மட்டும் தொடாதீர்கள்.

அனுப்பி முடித்தவற்றை 30 நாள் வைத்திருந்து நீக்கலாம். ஒரே டெலீட்டில் எல்லாவற்றையும் நீக்காமல் ஆயிரம் ஆயிரமாக நீக்குங்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு நிலை மாற்றமும் ரோவின் பழைய பிரதி ஒன்றை விட்டுச் செல்லும். அடிக்கடி மாறும் இந்த டேபிளுக்கு, அவற்றைத் துப்புரவாக்கும் ஆட்டோவாக்யூமை மற்றவற்றைவிட முன்னதாகவே ஓடும்படி தனியாக அமைத்துவிடுங்கள். நாளுக்கு லட்சம் மெயில் என்ற அளவில் போனால், டேபிளை வாரவாரியாகப் பார்ட்டிஷன் பிரித்து, பழைய பார்ட்டிஷனை அப்படியே கழற்றிப் போடுவது எளிது. ஆனால் பார்ட்டிஷன் செய்தால் யுனீக் கீயில் தேதியும் சேர்ந்தாக வேண்டும், இரட்டிப்பைத் தடுக்கும் பாதுகாப்பு அந்தத் தேதியோடு சுருங்கிவிடும். நிகழ்வின் அடையாளங்களை மட்டும் வைக்கும் சிறிய டேபிள் ஒன்றைப் பார்ட்டிஷன் இல்லாமல் தனியே வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் தீரும்.